உருளாத சக்கரத்துக்கு எண்ணெய்

சிவகாமி டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கராஜுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணன் குனிந்து, தலையை வேனுக்கு அடியில் நீட்டி, "பாஸ், டீச்சரம்மா காலையில போயிட்டாங்களாம். தூக்கத்துலயே" என்றார். "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். வட்டவளையில் டீச்சரம்மா என்றால் ஒருவர்தான். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

எழுபதைத் தாண்டிய மனுஷி. படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. முந்தின நாள் மாலை கடைத்தெருவுக்கு வந்து முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போனவர். நல்ல சாவு என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன். ஆனால் அன்று அந்த வேன் வேலை ஓடவில்லை. சொந்தக்காரரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அவரிடம் அகரம் எழுதப் பழகியவர்கள். அந்தக் கதைகளை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் அவரிடம் படிக்கவில்லை. எனக்கு அவர் வாடிக்கையாளர், அதுவும் லேசில் விடாத வாடிக்கையாளர். எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு லொறி நின்றது.

அந்த லொறியைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. டீச்சரின் கணவர் அந்தக் காலத்தில் ஏலத்தில் எடுத்த பழைய ஆமி லொறி. வெள்ளைக்காரன் செய்தது. தட்டை மூக்கு, இடுப்பளவு உயரச் சக்கரங்கள், எத்தனை தடவை சாயம் அடித்தாலும் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும் பச்சை. வருஷம் முழுக்க அதில் விறகும் மரக்கறியும் ஏறும். திருவிழா அன்று மட்டும் தோட்டத்து மாரியம்மன் ஏறுவாள். முன்பு கோயிலுக்கு ஒரு சின்ன மரத்தேர் இருந்ததாம். மலைப்பாதையில் அதன் அச்சு முறிந்த பிறகு அம்மனுக்கு இந்த லொறிதான் தேர்.

கணவர் தவறிய மறுவருஷத் திருவிழா முடிந்து டீச்சர் என் கராஜுக்கு வந்தார். குடையை மடக்கிக் கதவில் சாய்த்துவிட்டு, நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"பாஸ், எங்க வண்டி பிரேக் புடிச்சா இடது பக்கமா இழுக்குது. கோயில் இறக்கத்துல அம்மன வச்சிக்கிட்டு எறங்கும்போது ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள போகப் பார்த்துச்சு. அடுத்த வருஷம் வேற லொறி புடிக்கலாம்னு கோயில்ல பேசிக்கிறாங்க. எங்க ஐயா இருந்த காலத்துல அம்மன் வேற வண்டியில ஏறினதே இல்ல. நான் இருக்கிற வரைக்கும் ஏறக் கூடாது. என்ன செய்யணுமோ அதச் சொல்லுங்க."

கணவரை அவர் ஐயா என்றுதான் சொல்வார். கைவேலைக்காரன் எவனையும் பாஸ் என்று கூப்பிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம்தான். டீச்சர் கூப்பிடும்போது மட்டும் வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி இருக்கும். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

வண்டியை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கல்லு மாதிரி இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தால்தான் அசைந்தது. காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. எண்ணெய்ச் செலவைக் குறைக்க அவர் கணவர் பெட்ரோல் எஞ்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்ஜின் வைத்திருக்கிறார். பெட்ரோல் எஞ்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில்தான் பிரேக்குக்குத் துணைபோகும் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அது இல்லை. மனுஷன் பூஸ்டர் குழாயை மடக்கிக் கம்பியால் கட்டிவிட்டு, தன் காலை நம்பியே இத்தனை காலம் மலை இறங்கியிருக்கிறார். "எங்க ஐயாவுக்கு எதுலயும் துணை தேவைப்படாது. என்னத் தவிர" என்று டீச்சர் சொன்னார். அதில் குறை இருந்ததா பெருமை இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் நினைத்ததையெல்லாம் அவரிடம் அடுக்கினேன். காற்றை உறிஞ்சும் பம்ப் சேர்ந்த ஒல்டர்னேட்டர் ஒன்று போட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றி, முன் சக்கரங்களுக்கு ஒரு வழி, பின் சக்கரங்களுக்கு ஒரு வழி என்று பிரிக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று கைவிட்டாலும் மற்றது நிறுத்தும். வண்டி ஒரு பக்கமாக இழுப்பது வீல் சிலிண்டர் ஒழுகலால் என்று நினைத்தேன், அதனால் வீல் சிலிண்டர், சீல், பிரேக் லைனிங் எல்லாம் புதிது. நான் பேசிக்கொண்டே போனேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "பிரேக் இல்லாத வண்டியும் உங்க பேச்சும் ஒண்ணுதான் பாஸ். எப்ப ஆரம்பிக்கிறோம்?"

பழைய சாமான் கடைக்கு அவரும் கூடவே வந்தார். அந்தக் கடைக்காரர் ஒரு சிங்களவர். ஜப்பான் லொறிகளைக் கூறுபோட்டு மலையாகக் குவித்து வைத்திருப்பார். சேலை கட்டிய ஓர் அம்மா குடையால் கிரீஸ் டப்பாக்களை ஒதுக்கிக்கொண்டு வருவதை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். டீச்சர் சிங்களத்தில், இது மாரியம்மனைக் கொண்டுபோகிற வண்டிக்கு என்று சொன்னார். அவ்வளவுதான். வாசலில் கிடந்ததை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த நல்ல ஒல்டர்னேட்டர் ஒன்றை எடுத்து வந்தார். கோயிலில் தன் பேரையும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். டீச்சர் மறக்காமல் சொன்னார்.

வேலை முடிந்தது. ஒற்றைப் பெருவிரலால் மிதித்தால் நிற்கிற மாதிரி வண்டி இருந்தது. சக்கரத்து பிரேக் டிரம்முக்கு உள்ளே பிரேக் ஷூவை முறுக்கிச் சரிசெய்ய டிரம்மின் முகப்பில் ஒரு சிறு துளை உண்டு. வலது முன்சக்கரத்தில் அந்தத் துளையை மூடும் ரப்பர் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. அதற்கும் புது ரப்பர் அடைத்தேன். மேலேயும் கீழேயுமாகப் பலதடவை ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்தது போல நேராக நின்றது. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான், திருவிழாவுக்கு நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன்.

திருவிழாவன்று தப்பு மேளச் சத்தம் காதைப் பிளக்க, அம்மனையும் பூசாரியையும் ஏற்றிக்கொண்டு கோயிலிலிருந்து இறங்கினேன். முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டதும் ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் போனது. உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு இழுத்தும், ஒரு சக்கரம் கானில் இறங்கித்தான் வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மன் சாய்ந்த மாதிரி நின்றாள். கோயில் தலைவர் இராமையா வந்து கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "டீச்சரம்மா, இதோட போதும். அடுத்த வருஷம் ஹட்டன்ல இருந்து புது லொறி கொண்டாருவோம்" என்றார்.

டீச்சர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கூட்டத்துக்குப் பின்னால் போய், தேயிலைச் செடிகளைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் அவர் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். "ஓட்டுங்க பாஸ். இறக்கத்துல நல்லா பிரேக் புடிச்சு எறக்குங்க" என்றார். கீழே வந்து நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகப் போய், தோசைக்கல்லில் தெளிப்பதைப் போல டிரம்மில் தண்ணீர் தெளித்தார். இடது முன்சக்கரத்தில் சுர்ரென்று பொங்கியது. பின் சக்கரங்களிலும் அப்படியே. வலது முன்சக்கரத்தில் தண்ணீர் பேசாமல் வழிந்து போனது. "இது சூடாகவே இல்ல, வேலை செய்யல. மத்ததெல்லாம் இதுக்கும் சேர்த்து வேலை செய்யுது. எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூம் மாதிரி" என்றார்.

அந்த டிரம்மைக் கழற்றினேன். ஷூவின் மேல் ஒட்டியிருந்த புது லைனிங் எண்ணெயில் ஊறிப் பளபளத்தது. வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கும் என்று நான் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்திருந்தது. டீச்சர் குனிந்து ஷூவில் விரலை வைத்து மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என் மூக்கருகிலும் நீட்டினார்.

"பாஸ், இது உங்க எண்ணெய் இல்ல. என் எண்ணெய். நல்லெண்ணெய்."

நான் அடைத்த ரப்பரைத் தேடினேன். துளை திறந்து கிடந்தது.

கோயில் எண்ணெய்க்குப் பொறுப்பு தலைவர்தான், அவரிடம் போய்க் கேட்டோம். அவர் மறைக்கவேயில்லை. மரத்தேர் காலத்தில் புறப்படுமுன் வலது முன்சக்கரத்து அச்சுக்கு நல்லெண்ணெய் விடுவது அவர் தகப்பனின் உரிமை. தேர் போனாலும் உரிமை போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் பித்தளைக் கெண்டியில் எண்ணெய் கொண்டுவந்து லொறிச் சக்கரத்துக்கு அவர் விட்டுக்கொண்டிருந்தார். "முன்னல்லாம் வெளியிலயே வழிஞ்சு போயிரும். மனசுக்கு ஆறாது. போன வருஷந்தான் அந்த ஓட்டையப் பார்த்தேன். வெள்ளக்காரனும் எண்ணெய் விடத்தானே வழி வச்சிருக்கான்! இந்த வருஷம் யாரோ வெளங்காதவன் அத அடைச்சு வச்சிருந்தான். நான்தான் நெம்பி எடுத்தேன்" என்று சொல்லி, வேட்டி மடிப்பிலிருந்து என் ரப்பரை எடுத்து எனக்கே கொடுத்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் விட்டால் என்ன ஆகும் என்று அங்கேயே கத்த ஆரம்பித்தேன். அவரும் விடவில்லை. அப்பன் காலத்து மரியாதையில் கைவைக்க நீ யார் என்று எழுந்தார். டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "நீங்க கராஜுக்குப் போங்க. உங்க வேலை முடிஞ்சிருச்சு. இது என் வேலை."

சில நாள் கழித்து, லொறி நிற்கிற இடத்துக்குத் தலைவரை அவர் வரவழைத்தார். நான் புது லைனிங் பூட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு முன்கூட்டியே உத்தரவு. தலைவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, டீச்சர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"தலைவரே, அம்மன மேல வச்சா, அம்மன் முகத்துக்கு நேரா இருக்கிற சக்கரம் எது?"

தலைவர் அண்ணாந்து பார்த்தார். அந்த மாதிரி ஆமி லொறியில் மாற்றுச் சக்கரம் டிரைவர் அறைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். அம்மன் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் கண்ணெதிரே அதுதான். "அந்த ஸ்டெப்னிதான்" என்றார்.

"அம்மன் கண்ணு மொதல்ல படுறதே அதுமேலதான். அத இத்தன வருஷமா காயப் போட்டிருக்கோம். நீங்க என்னடான்னா கீழ சேத்துக்குள்ள குனிஞ்சு, யாரு கண்ணுக்கும் தெரியாம ஊத்திட்டு வர்றீங்க."

தலைவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் யோசித்தார். "அது உருளாத சக்கரமாச்சே டீச்சரம்மா."

"உருளாட்டி என்ன? உருள்ற சக்கரம் பஞ்சரானா, எறங்கி வந்து அம்மனத் தூக்கப் போறது அதுதானே?"

அவர் முகம் மெல்ல மலர்வதை நான் சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அது நன்றாக மலர்ந்த பிறகுதான் டீச்சர் மற்றதைச் சொன்னார். "இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடுறேன். கீழ விடுற எண்ணெய் உள்ள போயி பிரேக்க வழுக்க வைக்குது. வண்டி கானுக்குப் போனது அதனாலதான்."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அம்மனக் கானுக்குள்ள தள்ளினது நானா?"

"நீங்க இல்ல. ஓட்டைய அங்க வச்ச வெள்ளக்காரன்."

மூவருமே சிரித்துவிட்டோம். வேற லொறிப் பேச்சு அன்றோடு நின்றது. அவர் போன பிறகு நான் கேட்டேன், உண்மையை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று. காலமெல்லாம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கிடந்தவர் சொன்ன பதில் இது: "சின்னப்பிள்ள கையில கத்தரிக்கோல் இருந்தா, பிடுங்கினீங்கன்னா இறுக்கிப் புடிக்கும். சோக்குக் கட்டிய நீட்டுங்க, தானா விட்டுரும். அப்புறமா கத்தரிக்கோல் வெட்டும்னு சொல்லுங்க, கேட்டுக்கும். பெரியவங்களும் அப்பிடித்தான் பாஸ். நீங்க உட்பட."

அடுத்த திருவிழாவில் தலைவர் ஏணி வைத்து லொறியில் ஏறினார். பட்டு வேட்டி, தலைப்பாகை. ஊரே அண்ணாந்து பார்க்க, தப்பு கொட்டி முழங்க, ஸ்டெப்னிக்குக் குங்குமம் வைத்து, கெண்டியைத் தூக்கி எண்ணெய் விட்டார். அவர் தகப்பனுக்குக்கூட அப்படியொரு மேடை கிடைத்திருக்காது. இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொட்டேன். நாலு பக்கமும் சேர்ந்து பிடித்து வண்டி நேராக நின்றது. பக்கத்து இருக்கையில் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் எல்லாமே நல்ல வருஷங்கள். திருவிழாவுக்கு முன் பிரேக் பரீட்சை உண்டு. டீச்சர் ஒரு டம்ளர் நிறையப் பால் சேர்க்காத பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். நான் இறக்கத்தில் நிறுத்த வேண்டும். தேநீர் பக்கவாட்டில் சிந்தினால் நான் பெயில், மறுபடி கழற்ற வேண்டும். முன்னால் சிந்திச் சேலையில் பட்டால், "வண்டி சரி, ஓட்டுறவருக்குத்தான் அவசரம்" என்பார். சிந்தாவிட்டால் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எனக்குக் கொடுப்பார். ஆறிப்போன அந்தத் தேத்தண்ணிக்காக நான் பட்ட பாடு என் மனைவிக்குத்தான் தெரியும்.

ஸ்டெப்னி யோசனை தன்னுடையது என்று தலைவர் ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார். வெளியூர்க் கோயில்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அவரைப் பாராட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் அலட்டிக்கொள்ளவில்லை. "சொல்லட்டும் பாஸ். வண்டி நிக்குதில்ல?" என்றார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது அவருக்குக் கிடைத்தது, கடைசி வருஷம் வரை கிடைத்தது.

அவர் இறந்த அன்று மதியம் கொழும்பிலிருந்து மகள் வந்து சேர்ந்தார். அம்மாவை லொறியிலேயே கொண்டுபோகலாமா என்று கேட்டார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் டீச்சர் ஒரு பரீட்சை நாளில் என்னிடம் சொல்லியிருந்தார்: "அம்மன் ஏறுற வண்டி பாஸ். எங்க ஐயாவையே அதுல ஏத்தல. என்னையும் ஏத்திடாதீங்க." அதை அங்கே சொன்னேன். கூடியிருந்தவர்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

"அப்ப தோள்ல போகட்டும்" என்றார் அவர். பிறகு முற்றத்தில் நின்ற லொறியைப் பார்த்தார். "அது பின்னால வரட்டும். அத மட்டும் எப்பிடி இங்க விட்டுட்டுப் போறது?" மூட்டு வலிக்காரர், முதல் தோள் அவர்தான் கொடுத்தார்.

மயானத்துக்குப் போக அதே கோயில் இறக்கம்தான் வழி. ஒரு பக்கம் தேயிலை மலை, மறு பக்கம் பள்ளம், ஒதுங்க இடமில்லாத ரோடு. முன்னால் பாடை. அதன் பின்னால் ரோடு நிறைய ஆட்கள். அவர்களுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வெறும் வண்டியோடு நான். அத்தனை கனத்தையும் பிரேக்கில் பிடித்துப் பிடித்து, அவர்கள் நடைக்கு நடையாக இறக்கினேன். அவர்கள் தோள் மாற்ற நின்றால் நானும் நின்றேன். மலையை இறங்கி முடிக்கும் வரை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர்கூட ஓரமாக ஒதுங்கவில்லை.

டீச்சரை நினைத்து என்னிடம் என்ன வைத்திருக்கிறேன் என்று யாராவது கேட்டால், அதைத்தான் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய ஆமி லொறி வருகிறது என்ற நினைப்பே இல்லாமல், அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இறக்கத்தில் நடந்துபோன அந்த ஜனங்களின் முதுகுகள்.